கேள்வி பதில்: வீட்டுத் திரையில் சினிமாஸ்கோப்

கேள்வி: புதிதாக 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறோம். பழைய டிவிடிகளைப் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பாகி, நடுவில் சிறு கட்டமாகத்தான் படம் தெரிகிறது. ‘ஜூம்’ அழுத்தினால் திரை நிறைகிறது, ஆனால் முகங்கள் மங்கிவிடுகின்றன. குறை எதில்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் டிவிடி பிளேயரின் ‘செட்டப்’ பக்கத்தைத் திறந்து, ‘டிவி டைப்’ என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி உட்பட, அக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில், அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என அமைந்தவை. அந்தப் பெட்டிக்காக என்றோ செய்த அமைப்பு அப்படியே இருந்தால், பிளேயர் இன்றும் படத்தைச் சுருக்கியே அனுப்பும். அதை இன்றைய அகன்ற திரைக்கு உரிய 16:9 என மாற்றினால் பக்கவாட்டுக் கறுப்பு மறைந்துவிடும்.

மாற்றிய பிறகும் மறையவில்லை என்றால், வட்டிலேயே படத்தை 4:3 சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) அடக்கிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். நம் நாட்டு டிவிடியில் மொத்தம் 576 கிடைக்கோடுகள் உண்டு. இவ்வாறு அடக்கப்பட்ட சினிமாஸ்கோப் படத்துக்கு, அதாவது திரையரங்குக்கென மிக அகலமாக எடுத்த படத்துக்கு, அவற்றில் சுமார் 320 மட்டுமே கிடைக்கும். அகன்ற திரைக்கென முறையாகச் செய்த வட்டில் சுமார் 430 கிடைக்கும். குறைந்த கோடுகளை இழுத்துப் பெரிதாக்குவதால்தான் முகங்கள் மங்குகின்றன.

கேள்வி: காசு கொடுத்துப் பெரிய டிவி வாங்கிவிட்டு, கால் பங்கைக் கறுப்பாக விட்டுவைப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். திரை முழுக்கப் பார்த்தால் என்ன நட்டம்?
– வாசகர், காசிமேடு

பதில்: பெரியவர்கள் சொல்லும் கணக்கு சரிதான். சினிமாஸ்கோப்பின் விகிதம் இன்று 2.39:1, உங்கள் தொலைக்காட்சியின் விகிதம் 1.78:1. ஆகவே படம் திரையின் உயரத்தில் ஏறக்குறைய 74 விழுக்காட்டையே நிரப்பும். ஆனால் அந்தக் கறுப்பை நீக்குவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால், அதே கால் பங்கு இம்முறை படத்தின் இரு ஓரங்களிலிருந்து வெட்டுப்படும். கறுப்புப் பட்டையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வெட்டுப்படும் ஓரத்திலோ ஒரு நடிகர் நின்றுகொண்டிருக்கலாம். எதிரெதிர் ஓரங்களில் இருவரை நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டு, அவர்களுக்குள் பேச்சற்றுப் போனதை ஒளிப்பதிவாளர் காட்டியிருந்தால், பெரிதாக்கிய திரையில் இரண்டு அரை முகங்களே மிஞ்சும்.

இந்த மனக்குறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹாலிவுட்டில் 1953-இல் சினிமாஸ்கோப் அறிமுகமானபோது, தொலைக்காட்சியால் தர முடியாத அகலத்தைத் தருவதே அதன் நோக்கமாக இருந்தது. தமிழில் அது 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ வழியாக வந்தது. திரையரங்குகளில் அத்தகைய படம் தொடங்கும்போது பக்கத் திரைச்சீலைகள் விலகும். உயரம் குறையாமல் அகலம் மட்டும் கூடும். தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற பெரிய அரங்குகளில் படம் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு, ஸ்கோப் என்றாலே மற்றப் படங்களைவிடப் பெரியது என்பதுதான் மனத்தில் பதிந்த அனுபவம். வீட்டிலோ அகலம் மாறாது, உயரம்தான் குறையும். எனவே பெரிதாக இருக்க வேண்டிய படம் சிறிதாகத் தெரிகிறது. அதற்கு நான் சொல்லும் வழி, சற்று நெருங்கி உட்கார்ந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான். அப்போது கறுப்புப் பட்டை அவ்வளவாகக் கவனத்தை ஈர்க்காது.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நாட்டியக் காட்சி ஒன்றை இணையத்தில் பார்த்த என் பாட்டி, ஆடுபவரின் பாதங்களே தெரியவில்லை என்று வருந்தினார். அவர் பரதம் பயின்றவர். படமெடுத்தவர்களே அப்படித்தான் எடுத்தார்களா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் பாட்டியின் ஐயம் நியாயமானது. அக்காலப் படங்களின் சட்டம் ஏறக்குறைய 1.37:1, இன்றைய தொலைக்காட்சியில் அவை இரு பக்கமும் கறுப்போடு நடுவில் தெரிய வேண்டும். திரையை நிரப்ப விரும்புவோர் ஒன்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்குகிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டுகிறார்கள். வெட்டினால் உயரத்தில் ஏறக்குறைய 23 விழுக்காடு போய்விடும். சினிமாஸ்கோப் அளவுக்கே வெட்டினால் 43 விழுக்காடு போகும். நாட்டியக் காட்சியில் முழு உருவத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர, தலைச்சுட்டிக்கு மேலும் சலங்கைக்குக் கீழும் சிறிதே இடம் விட்டு எடுத்திருப்பார்கள். முகத்தைக் காக்க வேண்டுமென்று வெட்டுபவர் நினைத்தால் பாதத்தைத்தான் பலி கொடுப்பார். தாளம் முழுதும் பாதத்தில் இருக்கும் கலையில், இது பாட்டின் பல்லவியை நீக்குவதற்குச் சமம்.

பழைய படங்களை அகன்ற திரைக்கு மாற்றி மீண்டும் வெளியிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ 2012-இல் சினிமாஸ்கோப் வடிவில் வெளிவந்தது. கீறல்களை நீக்கி ஒலியைத் தெளிவாக்கும் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் சட்டத்தின் வடிவத்தை மாற்றிய படத்தைச் சீரமைத்த படம் என்று ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பாட்டிக்கு, அவர் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் பழைய 4:3 டிவிடியைத் தேடிக் கொடுங்கள். கோடுகள் குறைவாக இருந்தாலும் பாதங்கள் இருக்கும்.

கேள்வி: ஆங்கிலப் பட டிவிடிகளில் இயக்குநரின் பேச்சு, நீக்கப்பட்ட காட்சிகள் என எவ்வளவோ உள்ளன. தமிழ்ப் பட வட்டுகளில் ஏன் அவை அரிது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இடமும் விலையும் முதற்காரணங்கள். படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் ஒலித்தடம் 1984-இல், டிவிடிக்கு முந்தைய வடிவமான லேசர் வட்டில், ‘கிங்காங்’ படத்துடன் அறிமுகமாயிற்று. டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்க வழியிருக்கிறது. ஆனால் ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரண்டரை மணி நேரப் படமே அதை நிரப்பிவிடும். நம் சந்தையிலோ மூன்று படங்களை ஒரே வட்டில் அடைத்து விற்றார்கள். திருட்டு வட்டோடு போட்டியிட, 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் டிவிடியை 34 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையில் ஒளிப்பதிவாளரை அழைத்து உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்ய யார் செலவிடுவார்? தொகுப்பறையில் நீக்கிய காட்சிகளைப் பத்திரப்படுத்தும் வழக்கமும் நம்மிடம் வலுவாக இல்லை.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஒரு காட்சிக்கு விளக்கை எங்கே வைத்தார்கள், ஒரு பாட்டு ஏன் பாதியில் வெட்டப்பட்டது என்பதெல்லாம் அதைச் செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் பலர் முதியவர்கள். ஓடிடி தளங்களிலும் பெரும்பாலும் படம் மட்டும்தான் கிடைக்கிறது. ஆகவே, கூடுதல் பகுதிகள் உள்ள தமிழ் வட்டு உங்களிடம் இருந்தால், படம் ஓடிடியில் வந்துவிட்டது என்பதற்காக அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பர்மா பஜார் பக்கம் பழைய டிவிடி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், இராயபுரம்

பதில்: வட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சிட்டதன் அடிப்புறம் வெள்ளி நிறத்தில் இருக்கும். கணினியில் பதிந்த நகல் பெரும்பாலும் ஊதா சாயலில் இருக்கும். உறையில் ‘16:9’ அல்லது ‘அனமார்ஃபிக்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்; முதல் பதிலில் சொன்ன, அகன்ற திரைக்கென முறையாகச் செய்த வட்டுக்கு அதுவே அடையாளம். வெளிநாட்டு வட்டு என்றால், எந்த நாட்டுப் பிளேயரில் அது ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியையும் பாருங்கள். இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூரேயில் ‘சி’. எல்லா மண்டலத்துக்கும் பொதுவான வட்டாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.