பம்ப் மேல் பழி போடாதீர்கள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியதும் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த கேம்பரை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் முகாம் வண்டியை, அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்து குழாயைத் திறந்த பிறகுதான், அதில் தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் வரும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். "ஐயா, பம்ப் வேலை செய்யவில்லை, உடனே வழி சொல்லவும்" என்று ஒற்றை வரியில் எழுதிய நான்கு பேருக்கும் பதில் இல்லை. சத்தம் வருகிறதா, பியூஸ் பார்த்தீர்களா, தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்று எழுதுங்கள். அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: பம்ப் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. தொட்டியும் நிறைந்திருக்கிறது. குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. (ஜீலாங்)

பதில்: தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் எங்கேயோ ஓட்டை. இந்தப் பக்கத்து ஓட்டை பெரும்பாலும் சொட்டாது, காற்றை உள்ளே உறிஞ்சும். அதனால் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. பம்பின் வாயில் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றுங்கள். கடைசியாக அதைக் கழுவியபோது ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) கோணலாக உட்கார வைத்திருப்பீர்கள். பத்தில் ஆறு கேஸ் இதுதான். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் கிண்ணம் விரிசல் விடும். போன ஜூலைக் குளிரில் ஜிண்டபைன் மலைப் பக்கம் பனி பார்க்கப் போயிருந்தால், உள்ளே தண்ணீர் உறைந்து ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கலாம்.

பம்ப் நல்லதா என்று தெரிய ஒரு வாளி போதும். ஒரு மீட்டர் ஹோஸை நேராகப் பம்பில் மாட்டி, மறுமுனையை வாளித் தண்ணீரில் விடுங்கள். இழுத்தால் பம்ப் குற்றவாளி இல்லை. இரண்டு தொட்டி வைத்திருப்பவர்கள் எந்த வால்வு திறந்திருக்கிறது என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், காலித் தொட்டியின் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் படம் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நடுராத்திரியில் யாரும் குழாயைத் தொடாமலே, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பம்ப் 'டர்ர்' என்று ஓடி நிற்கிறது. மகள் பேய் என்கிறாள். (பர்த்)

பதில்: பேய் இல்லை, கசிவு. பம்புக்கு மூளை கிடையாது. குழாயில் அழுத்தம் குறைந்தால் ஓடும், ஏறினால் நிற்கும். பம்புக்கு அப்புறம் இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான். வெந்நீர் யூனிட்டின் அழுத்த வால்வு வெளியே சொட்டுகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால், பம்புக்குள்ளே இருக்கும் ஒருவழி வால்வில் மணல் துகள் மாட்டி, தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது.

அதுவரைக்கும், ஏன், அதற்குப் பிறகும், தூங்கப் போகும்போதும் வண்டி கிளம்பும்போதும் பம்ப் சுவிட்சை அணையுங்கள். ஓர் இணைப்பு பிய்த்துக்கொண்டால், தொட்டியில் இருக்கும் 80 லிட்டரையும் உங்கள் மெத்தைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அது ஓயும்.

கேள்வி: வணக்கம் அண்ணை. 80 லீற்றர் தாங்கி. அரைவாசி நிரம்ப முன்னமே தண்ணி திருப்பிக் கக்குது. (பெண்டில் ஹில்)

பதில்: காற்றுப்போக்கி ஹோஸ் அடைபட்டிருக்கிறது, இல்லையென்றால் மடங்கியிருக்கிறது. காற்று வெளியேறினால்தானே தண்ணீர் உள்ளே போகும்? நிறுத்தி வைத்த வண்டி என்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஒரு துண்டுக் கம்பியால் குத்தி எடுங்கள், பிறகு வாயில் சின்னக் கம்பிவலை மாட்டுங்கள். இதே அடைப்பினால்தான் சிலருக்குக் குழாய் முதலில் நன்றாக வந்துவிட்டுப் போகப் போக மெலிகிறது. நிரப்பும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் மெலிதாக வந்ததால் நிமிடத்துக்கு 4 லிட்டர் பம்பைத் தூக்கிவிட்டு 11 லிட்டர் பம்ப் போட்டேன். இப்போது முன்பைவிட மோசம். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. மட்டமான பம்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். (பிரிஸ்பேன்)

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். வருடத்துக்குப் பத்துப் பேராவது இதையே எழுதுகிறீர்கள், பத்துப் பேரும் பம்பை மாற்றிய பிறகுதான் எழுதுகிறீர்கள்.

பேட்டரியில் 12.6 இருப்பது பேட்டரிக்கு. பம்புக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? அதை அளந்ததாக நீங்கள் எழுதவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் இரண்டு வயர்களிலும் மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். பம்ப் நிற்கும்போது அளந்தால் எந்த உளுத்துப்போன வயரும் 12.6 காட்டும், ஏனென்றால் மின்னோட்டம் போகாத வயரில் இழப்பும் கிடையாது. ஓடும்போது 12 இருந்தால் சந்தோஷம். 11.5 என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். 10.5க்கு வந்துவிட்டால் எந்தப் பம்பும் முக்கி முனகத்தான் செய்யும்.

பழைய பம்ப் 4 ஆம்பியர் இழுத்திருக்கும். பெரியது 8 வரை இழுக்கும். அதே ஒல்லி வயரில் மின்னோட்டம் இரட்டிப்பானால் இழப்பும் இரட்டிப்பாகும். மோசமானதில் மர்மம் ஒன்றுமில்லை.

அந்த வயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் '4 மி.மீ. ஆட்டோ வயர்' என்று விற்பது ஒரு கண்கட்டு வித்தை. ஊரில் எலக்ட்ரீஷியனிடம் 4 ஸ்கொயர் கேட்டால், செம்பின் குறுக்குப் பரப்பு 4 சதுர மி.மீ. இருக்கும். இங்கே அந்த 4 என்பது மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த தடிமன். உள்ளே செம்பு 2 சதுர மி.மீ. கூட வராது. 6 என்று கேட்டு வாங்கினால்தான் நாலரை கிடைக்கும். பேட்டரி காரின் முன்பக்கம், பம்ப் கேம்பரின் பின்பக்கம் என்றால் போக 10 மீட்டர், வர 10 மீட்டர். 8 ஆம்பியருக்கு '4' வயரில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். '6' போட்டால் அரை வோல்ட்டும் சொச்சமும்தான்.

நானும் இதில் சூடுபட்டவன்தான், நிஜமாகவே. முதல் கேம்பர் வாங்கிய வருடம் சுமார் 200 டாலர் கொடுத்துப் பம்ப் மாற்றினேன். அப்போதும் நூல் மாதிரிதான் தண்ணீர். இரண்டு நாள் எல்லோரையும் திட்டிவிட்டு, எதேச்சையாகப் பியூஸ் ஹோல்டரில் கை வைத்தேன், விரல் சுட்டது. பிரித்துப் பார்த்தால், பியூஸின் ஒரு காலில் பச்சைப்பசேல் என்று களிம்பு. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி வளைந்திருந்தது. 6 டாலர் சாமான். அதை மாற்றிவிட்டு, குப்பைக்குப் போக இருந்த பழைய பம்பையே திரும்ப மாட்டினேன். அது அப்புறம் எட்டு வருடம் ஓடியது.

ஆகவே பிரிஸ்பேன் நண்பரே, பம்ப் ஓடும்போது பேட்டரியில் ஆரம்பித்து, பியூஸ் தாண்டி, சுவிட்ச் தாண்டி என்று ஒவ்வோர் இடமாக அளந்துகொண்டே வாருங்கள். எங்கே சட்டென்று விழுகிறதோ அங்கே பிரியுங்கள். நெகட்டிவ் பக்கத்தை மறக்காதீர்கள். சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிற புண்ணியவான்கள் நிறைய. வோல்ட் சரியாக இருந்தும் மெலிதாக வந்தால் மட்டும் பம்பைச் சந்தேகியுங்கள். அப்போதும் பல பம்புகளுக்குத் தலைப்பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கிறது, முழுசாக வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஷவரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. பம்ப் 'டக் டக்' என்று அடித்துக்கொள்கிறது. (கான்பெரா)

பதில்: ஷவர் தலையின் துளை சின்னது. அழுத்தம் உடனே ஏறிப் பம்ப் நிற்கிறது, உடனே குறைந்து ஓடுகிறது. துளை பெரிய ஷவர் தலை மாட்டுங்கள். இல்லையென்றால் பம்புக்கு அப்புறம் ஒரு சின்ன அக்யுமுலேட்டர் (அழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் காற்றறை உள்ள சிறு கலம்) வையுங்கள்.

கேள்வி: தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். தொட்டியை மாற்ற வேண்டுமா? (அடிலெய்ட்)

பதில்: வேண்டாம். வெந்நீரில் மட்டும் நாறுகிறதா, இரண்டிலுமா? அதைச் சொல்லவில்லையே. வெந்நீரில் மட்டும் என்றால் யூனிட்டுக்குள் துருப்பிடிக்காமல் காக்க வைத்திருக்கும் ஆனோடு என்ற உலோகத் தண்டும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டிலும் என்றால் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வாசனை சேர்க்காத 4 சதவீத பிளீச், 100 லிட்டருக்கு 125 மில்லி. வெந்நீர்க் குழாய் உட்பட எல்லாக் குழாய்களிலும் அந்த வாசம் வரும்வரை ஓடவிட்டு, நாலு மணி நேரம் ஊற வைத்து, பிறகு இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். உள்நாட்டுப் பாலைவனத்துப் பேர்ட்ஸ்வில் பக்கம் ஆர்ட்டீசியன் (நிலத்தடி அழுத்தத்தில் தானாக மேலே வரும்) ஆழ்துளைத் தண்ணீர் பிடித்திருந்தால் அதன் இயல்பே அந்தக் கந்தக வாசம்தான். திறந்த வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும்.

கேள்வி: கேரவன் பார்க்கில் மெயின் குழாயை இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி வண்டிக்கு அடியில் கொட்டுகிறது. (மெல்பர்ன்)

பதில்: மெயின் தண்ணீர் பம்பின் ஒருவழி வால்வைத் தாண்டித் தொட்டிக்குள் போகிறது. வால்வைக் கழுவுங்கள், இல்லை மாற்றுங்கள். அழுத்தக் குறைப்பான் போட்டீர்களா? 350 கிலோபாஸ்கல் ஒன்றை எப்போதும் குழாய் முனையில் மாட்டுங்கள். சில பார்க்குகளில் வரும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் இணைப்புகள் தாங்காது.

கேள்வி: லெவல் மீட்டர் எப்போதும் 'ஃபுல்' காட்டுகிறது. (டார்வின்)

பதில்: உள்ளே இருக்கும் கம்பிகளில் உப்புப் படிந்திருக்கிறது. கழற்றித் தேய்க்கலாம். நான் தொட்டியைத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

கேள்வி: தோட்டத்து ஹோஸிலேயே தொட்டியை நிரப்பலாமா?

பதில்: பிளாஸ்டிக் காபி பிடிக்குமானால் நிரப்பலாம். குடிநீர் ஹோஸ் என்று தனியாக விற்கிறது.

கேள்வி: ஊட்னடாட்டா டிராக் என்ற மண்சாலையில் போகிறோம். தொட்டியை நிரப்பிக்கொண்டு போவதா, எடை குறைய அரைத் தொட்டியோடு போவதா? (சிட்னி)

பதில்: நிரப்புங்கள். அரைத் தொட்டி அலைபாயும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு வைத்து, நிரப்பிய பிறகே பந்து எடையை (காரின் இணைப்புப் பந்தின் மேல் கேம்பர் அழுத்தும் எடையை) பாருங்கள், கேம்பரின் மொத்த எடையில் 10 சதவீதம் சுமாராக வரட்டும். தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் நிரப்ப நிரப்ப அது குறையும். மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 600 கி.மீ., அதில் ஒரு கல் தெறித்து அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வால்வை உடைத்தால் தொட்டி மொத்தமும் மண்ணுக்குத்தான். 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்றிரண்டைக் காருக்குள் தனியாக வையுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது பம்ப் சுவிட்ச் ஆனில் இருந்தால் பரவாயில்லையா?

பதில்: மேலே இருந்து மறுபடியும் படித்துக்கொண்டு வாருங்கள்.