கேட்காமல் கை வைத்தவர்

கேள்வி: டிஸ்டர்ப்டு என்ற மெட்டல் கோஷ்டி 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டைக் கதறக் கதறக் கொன்றிருப்பதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அறுபதுகளில் சைமனும் கார்ஃபங்கலும் என்ற அமெரிக்க ஜோடி பாடிய ஒரிஜினல் மேல் கை வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தக் காலத்தில் பாடியவர்களைக் கேட்காமல் ஒரு தாளத்தையாவது கூட்டியிருப்பார்களா?
– 'பழைய ரெகார்டு ரசிகன்', ஸ்ரீரங்கம்

பதில்: கூட்டியிருக்கிறார்கள். இதே பாட்டில்தான்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் ஒரிஜினல் என்று கும்பிடுகிற ரெகார்டில், முதல் சில வரிகள் போனதும் டிரம்ஸ் வந்து சேர்ந்துகொள்கிறதா? கூடவே எலெக்ட்ரிக் கிட்டார் கணகணக்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரிஜினல் இல்லை. பாடிய இருவருக்கும் தெரியாமல், அவர்களில் ஒருவர் கடல் கடந்து இருந்த நேரத்தில், கம்பெனிக்காரர் ஒட்டுப்போட்ட பிரதி. இன்றைய பாஷையில் ரீமிக்ஸ். வருத்தப்படாதீர்கள். நானும் கல்லூரி விடுதியில் தேய்ந்த கேசட்டில் அதைத்தான் கேட்டு உருகினேன். அந்த டிரம்ஸ் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு என்று தெரிய எனக்கும் பல வருஷம் ஆனது.

பால் சைமன் இந்தப் பாட்டை எழுதியபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். பெற்றோர் வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு கிட்டார் வாசிப்பது அவர் வழக்கம். ஓடு பதித்த சுவரில் குரல் நன்றாக எதிரொலிக்கும், தண்ணீர்ச் சத்தம் மனசுக்கு இதமாக இருக்கும் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். இருட்டை நண்பா என்று கூப்பிட்டுப் பாட்டு ஆரம்பிப்பதற்குப் பின்னால் அந்தக் குளியலறை இருக்கிறது.

1964 மார்ச் 10, நியூயார்க், கொலம்பியா ரெகார்ட்ஸ். இரண்டு குரல், அக்கூஸ்டிக் கிட்டார், டிரம்ஸ் இல்லை. தயாரிப்பாளர் டாம் வில்சன். டெக்சாஸில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, ஜாஸ் இசைக்காகச் சொந்தமாக ஒரு ரெகார்டு கம்பெனி நடத்திப் பார்த்த கறுப்பினத்தவர். பாடகர் பாப் டிலனின் அன்றைய ரெகார்டுகளையும் அவர்தான் தயாரித்துக்கொண்டிருந்தார். பாட்டு அந்த வருஷம் அக்டோபரில் ஒரு எல்.பி.யில், அதாவது பல பாட்டு அடங்கிய பெரிய இசைத்தட்டில், வந்தது. அட்டையில் சுரங்க ரயில் நிலைய பிளாட்பாரத்தில் கோட்டும் டையுமாக இரண்டு பையன்கள். அமெரிக்கா முழுக்க பீட்டில்ஸ் ஜுரம் அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. இவர்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விற்றது ஏறக்குறைய மூவாயிரம் பிரதி. ஜோடி கலைந்தது. கார்ஃபங்கல் படிப்பைப் பார்க்கப் போனார், சைமன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

அங்கே 1965இல் லண்டன் ஸ்டுடியோவில் இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார், தனியாக. ஒரு கிட்டார், ஒரு குரல், கூடவே அவர் காலால் தட்டும் தாளம். ஆகஸ்டில் அது இங்கிலாந்தில் எல்.பி.யாக வந்தது. கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: இதுவரை இரண்டு பதிவு, இரண்டுமே ஓடவில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு விசித்திரம். பாஸ்டனில் ராத்திரி நேர ரேடியோவில் இந்தப் பாட்டைப் போட, கல்லூரிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். ஃப்ளோரிடா பக்கத்திலிருந்தும் அதே செய்தி. அதே சமயம் பேர்ட்ஸ் என்ற குழு, டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் மாட்டி 1965 ஜூனில் அமெரிக்காவின் பிரபல பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்துவிட்டது. வில்சனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? டிலனோடு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவில் இருந்த அதே ஜூன் மாதம், பழைய டேப்பை எடுத்தார். ஸ்டுடியோ வாசிப்பாளர்களைக் கூப்பிட்டார். எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். சைமனுக்குக் கடிதம் இல்லை, கார்ஃபங்கலுக்கு போன் இல்லை.

வேலை சுலபம் இல்லை. ஹெட்போனில் பழைய டேப் ஓடும், அதோடு ஒட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். ஆனால் 1964இல் அந்த இரண்டு பேரும் டிரம்ஸ் எதுவும் இல்லாமல் தங்கள் மூச்சுக்கு ஏற்றபடி பாடியிருந்தார்கள். ஓரிடத்தில் காலம் இழுக்கும், ஓரிடத்தில் முந்தும். டிரம்ஸ்காரர் என்ன செய்வார், பாவம்! கூர்ந்து கேளுங்கள், குரல்கள் வந்து சேரட்டும் என்று தாளம் தயங்கி நிற்கிற இடம் ஒன்று அகப்படும். சைமனை முதலில் அதிரவைத்ததும் அந்த இடம்தான் என்பார்கள். அவர் உணர்ந்து பாடிய பாட்டுக்கு யாரோ நொண்டித் தாளம் கட்டிவிட்டார்கள்.

1965 செப்டம்பரில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு இசைத்தட்டாக, வெளியிட்டார்கள். நவம்பரில் பில்போர்டு பத்திரிகையின் அமெரிக்கப் பாட்டு வரிசைக்குள் நுழைந்தது. பாட்டு ஏறுகிற செய்தி எட்டியபோது சைமன் டென்மார்க்கில் கிளப்புகளில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1966 ஜனவரி 1 தேதியிட்ட வரிசையில் முதலிடம். அடுத்த வாரம் பீட்டில்ஸின் 'வி கேன் வொர்க் இட் அவுட்' தள்ளிவிட்டது; ஜனவரி 22 வரிசையில் இது மறுபடி மேலே. அப்போது வீடு திரும்பியிருந்த இருவரும் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் போக்கிடம் இல்லாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தார்களாம். ரேடியோவில் 'நம்பர் ஒன்' என்று இவர்கள் பாட்டு. "அந்தப் பசங்களுக்கு இந்நேரம் ஒரே கொண்டாட்டமாக இருக்கும்" என்றாராம் கார்ஃபங்கல். சைமன் சொல்கிற கதை இது.

சரி, கோபித்துக்கொண்டு அவர்கள் அந்த ஒட்டுவேலையைத் தூக்கி எறிந்தார்களா? மாட்டார்களே! 1965 டிசம்பரில் ஸ்டுடியோவுக்கு ஓடி, அவசர அவசரமாக ஒரு எல்.பி.யை முடித்து, 1966 ஜனவரியிலேயே கடைக்கு அனுப்பினார்கள். அதன் முதல் பாட்டே வில்சனின் எலெக்ட்ரிக் பிரதி. அடுத்த வருஷம் 'தி கிராஜுவேட்' படம் தொடங்கும்போது ஒலிப்பதும் அதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2012க்கான தேர்வாகச் சேர்த்ததும் அந்த எல்.பி.யைத்தான். குளியலறையில் பிறந்த குழந்தை சவலையாகக் கிடந்தது, வில்சன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். தாய்ப்பால்தான் உசத்தி என்று நீங்கள் வாதாடலாம். எனக்கும் 1964 பிரதிதான் பிடிக்கும். ஆனால் வில்சன் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிரதியை ஸ்ரீரங்கத்திலும் சரி, என் விடுதியிலும் சரி, யாரும் கேட்டிருக்க வழியே இல்லை.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். ஒலிப்பதிவு டேப் கம்பெனியின் சொத்து, அதனால் வில்சன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டிஸ்டர்ப்டு விஷயம் வேறு. அவர்கள் பழைய டேப்பைத் தொடவில்லை, பாட்டைப் புதிதாகப் பாடினார்கள். ஒரு பாட்டு ஒரு தடவை ரெகார்டாக வெளிவந்துவிட்டால், மெட்டின் அடிப்படையைக் குலைக்காமல் யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம், பிரதிக்கு இவ்வளவு என்று காசு கட்டினால் போதும். அமெரிக்கச் சட்டத்தில் 1909 முதல் உள்ள ஏற்பாடு இது.

கதறக் கதறக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். 2015இல் வந்த அந்தப் பிரதியை முழுக்கக் கேட்டீர்களா, இல்லை கடைசி நிமிஷத்தை மட்டுமா? பியானோவோடு, அடிவயிற்றுக் கனத்த குரலில், கிட்டத்தட்ட பேசுகிற மாதிரித்தான் அந்தக் கோஷ்டியின் பாடகர் டேவிட் டிரெய்மன் ஆரம்பிக்கிறார். உச்சத்துக்குப் போவது கடைசியில். 2016இல் அவர்கள் அதை டி.வி.யில் பாடியதைப் பார்த்துவிட்டுப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பியவர் யார் தெரியுமா? பால் சைமன். பெற்றவரே மெச்சிவிட்டார், அண்டை வீட்டுக்காரர் நீங்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் கோபம் தீரவில்லை என்றால், கேட்காமல் கை வைத்தவரைத் திட்டுங்கள், அதுதான் நியாயம். ஆனால் பாட்டு உச்சியைத் தொட்டபோது அவர் கொலம்பியாவிலேயே இல்லை, எம்.ஜி.எம் என்ற வேறு ரெகார்டு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். அவசரமாக வந்த எல்.பி.யைத் தயாரித்தவர் பாப் ஜான்ஸ்டன். 1978இல் 47 வயதில் வில்சன் காலமானார். உங்கள் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுதான் யோசிக்கிறேன்.