எச்சில் தொட்டு வைத்தால் சிராய்ப்பு ஆறுமா?

கேள்வி: என் ஆறு வயது மகன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், மாமியார் உடனே எச்சில் தொட்டு வைக்கிறார். "நாய் நக்கித்தானே புண்ணை ஆத்திக்குது" என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னால் மனஸ்தாபம். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அம்மா. எச்சிலுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி நிஜமாகவே உண்டு.

1921-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்ற மருத்துவர், ஜலதோஷம் பிடித்திருந்தபோது தன் மூக்குச்சளியை பாக்டீரியா வளர்ந்த தட்டில் விட்டுப் பார்த்தார். சளியை ஒட்டியிருந்த பாக்டீரியா கரைந்துபோனது. கண்ணீருக்கும் எச்சிலுக்கும் அதே குணம் இருந்தது. சோதனைக்குக் கண்ணீர் வேண்டுமென்று எலுமிச்சையைப் பிழிந்து கண்ணைக் கலங்க வைத்தார்களாம்! அந்தப் பொருளுக்கு லைசோசைம் என்று பெயர் வந்தது. பெனிசிலின் மருந்தை ஃப்ளெமிங் கண்டதெல்லாம் அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான்.

பாக்டீரியாவைச் சுற்றி வலைபோலப் பின்னிய ஒரு சுவர் உண்டு. லைசோசைம் அந்தப் பின்னலை அறுத்துவிடும். சுவர் தளர்ந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து பாக்டீரியா வெடித்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டால் சில நாளிலேயே ஆறிவிடுகிறதே, அதில் எச்சிலுக்கும் பங்கு உண்டு.

ஆனால் சில பாக்டீரியாக்களின் சுவருக்கு மேல் இன்னொரு உறை இருக்கும். அவற்றிடம் லைசோசைம் தனியாக அவ்வளவாகச் செல்லாது. அதைவிட முக்கியம், நம் வாயிலேயே பல நூறு வகை பாக்டீரியா குடியிருக்கிறது. வாய்க்குள் சாதுவாக இருப்பது, தோல் கிழிந்த இடத்தில் சீழ் பிடிக்க வைக்கலாம். சொத்தைப்பல், ஈறுவீக்கம் உள்ள பெரியவரின் எச்சில் என்றால் இன்னும் வேண்டாம்.

அதனால் குழாய்த் தண்ணீரில் மண் போகும்வரை கழுவுங்கள். சோப்பைச் சுற்றிலும் போட்டால் போதும். சுத்தமான துணியால் ஒற்றி, மூடி வையுங்கள். தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். மாமியாரிடம், "நீங்களே கழுவி விடுங்க அத்தை" என்று பிள்ளையை ஒப்படைத்துப் பாருங்கள். அவர் எச்சில் வைப்பது பேரன்மேல் உள்ள பாசத்தில்தானே.

நாய் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாய் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருக்கலாம். திறந்த புண்ணை நாய் நக்கினால் அதுவும் கடித்த மாதிரிதான். உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.