பெருவிரலின் சத்தம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. யூடியூபில் 'தூக்கத்துக்கான சீன இசை' என்று ஒரு நீண்ட காணொளி கிடைத்தது. மழைச் சத்தத்தோடு கூச்சின் என்ற சீனத் தந்தி வாத்தியம் ஒலிக்கும். அதைக் கேட்டால்தான் தூங்குகிறேன். பழைய கலைஞர்களின் பதிவுகளையும் தேடிக் கேட்டேன். எல்லாவற்றிலும் கரகரவென்று ஓர் உராய்வு. சுத்தமான பதிவு எங்கே கிடைக்கும்? கூச்சின் நம் வீணை மாதிரிதானா? இங்கே வாங்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

தூக்கம் வந்ததே, அது பெரிய விஷயம். அந்தக் காணொளியைப் போட்டுக்கொண்டே தூங்குங்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 'சுத்தமான பதிவு' என்று கேட்டிருக்கிறீர்களே, அதைச் சும்மா விட முடியாது. கொஞ்ச நாளாக நான் கூச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த 'லியூ ஷூய்' (ஓடும் நீர்) என்ற ஓர் உருப்படியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1977இல் வாயேஜர் விண்கலங்களில், பூமியின் ஒலிகளைப் பதித்த தங்கத்தட்டில் ஏற்றி அனுப்பியது அந்த வாசிப்பைத்தான். அவர் அதற்குப் பத்து வருடம் முன்பே மறைந்துவிட்டார். அதிலும் நீங்கள் சொல்லும் கரகரப்பு இருக்கிறது. ஒலிப்பதிவுக் கோளாறு என்று எப்படி அவ்வளவு சுலபமாக முடிவு கட்டினீர்கள்? அது பட்டுத் தந்தியின் மேல் இடது கை விரல் உரசும் சத்தம்.

கூச்சினில் ஏழு தந்திகள். வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது; பலகை ஓரமாகப் பதித்த 13 புள்ளிகள்தான் அடையாளம். வலது கை மீட்டிவிட்டு விலகிவிடும். இடது பெருவிரல் தந்தியை அழுத்தியபடி ஊர்ந்துகொண்டே இருக்கும். நாதம் அடங்கிய பிறகும் ஊரும். அப்போது உராய்வு மட்டும் கேட்கும். அதுவும் வாசிப்புதான்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. கூச்சின்காரர்கள் ஏட்டில் எழுதிவைத்ததே விரல்களைத்தான். எந்தத் தந்தி, எந்த விரல், எந்தப் புள்ளி, உள்பக்கமாக மீட்டுவதா வெளிப்பக்கமாகவா, அழுத்திய விரல் எங்கே நகர வேண்டும், எல்லாம் இருக்கும். ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இருக்காது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'யோலான்' என்ற உருப்படியின், சீனத் தாங் அரச வம்ச காலக் கையெழுத்துச் சுருள் இருக்கிறது. முழுக்க முழுக்க வாக்கியங்கள். விரல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவை. குவான் பிங்ஹு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாசித்து வாசித்துத்தான் காலப்பிரமாணத்தைக் கண்டடைந்தார். 1425இல் தொகுத்த நூலிலிருந்து 'குவாங்லிங் சான்' என்ற நெடிய உருப்படியையும் அப்படித்தான் மீட்டார். விரலை நம்பியே இத்தனை நூற்றாண்டு கடந்து வந்த சங்கீதத்தில் விரலின் சத்தத்தைத் துடைத்துவிட்டு மழையைச் சேர்க்கிறார்கள். நீங்களும் அதைச் சுத்தம் என்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கலாச்சாரப் புரட்சிக் காலத்துக்குப் பிறகு பெரும்பாலோர் நைலான் சுற்றிய உருக்குக் கம்பிக்கு மாறிவிட்டார்கள். அறுபடாது, சத்தமும் பெரிது. ஆனால் விரல் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பட்டு, விரலைப் பிடித்து நிறுத்தும்.

வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு நாள் பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, 'லியூ ஷூய்' கேளுங்கள். ஏழரை நிமிடம்தான். நடுவில் விரல்கள் தந்திகளை உருட்டிக்கொண்டே போகும். ஆறு பொங்கி வரும் இடம் அது. அங்கே அம்மா நினைவு வந்து அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். பாட்டை நிறுத்த வேண்டாம்.