பிரிட்டிஷ் வேல்யூஸ் பயமும் 40,000 பவுண்டு டாக்டர் ஃபீஸும்

இங்கிலாந்து ரெடிங்ல இருந்து ஒரு அக்கா பேசினாங்க. கோயம்புத்தூர் பக்கம், வீட்டுக்காரருக்கு ஐடில ஸ்கில்டு வொர்க்கர் வீசா, 2023 ஆகஸ்ட்ல குடும்பத்தோட வந்தவங்க, பொண்ணு இப்போ இயர் 12, நம்ம ஊர் பதினொண்ணாம் கிளாஸ் மாதிரி. ஸ்கூல்ல "பிரிட்டிஷ் வேல்யூஸ்"னு ஏதோ சொல்லிக் குடுக்குறாங்களாம், அதுல இருந்து எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுறாளாம், மெடிசின் வேண்டாம் சிவில் இன்ஜினியரிங் தான்னு ஒத்தக் கால்ல நிக்குறாளாம், ஊர்ல இருந்து பெரியம்மா, மாமா எல்லாரும் அவ்ளோ தூரம் போயும் பொண்ணை டாக்டராக்கலேன்னா எதுக்குப் போனீங்கன்னு வாட்ஸ்அப்ல கேக்குறாங்களாம். பிள்ளை கையை விட்டுப் போயிடுவாளோன்னு அழாத குறை. இதே பயத்துல இருக்குற மத்தவங்களுக்கும் சேர்த்தே எழுதுறேன்.

அக்கா, புது ஊர்ல வயசுப் பிள்ளையை வெச்சிருக்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆறுதல் இதோட போதும், ஏன்னா நீங்க பயப்பட வேண்டிய இடமே வேற.

முதல்ல அந்த வேல்யூஸ். கியூல நிக்கிறதோ, எதுக்கெடுத்தாலும் சாரி சொல்றதோ, நம்ம சாமியை விட்டுட்டு சர்ச்சுக்குப் போறதோ இல்ல. அரசாங்கம் 2011ல தீவிரவாதத்தைத் தடுக்கக் கொண்டு வந்த பிரிவென்ட் திட்டத்துல எழுதி வெச்சது நாலே விஷயம்: ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேற மதம் வேற நம்பிக்கை இருக்குறவங்களை மதிச்சு நடக்குறது. 2014ல இருந்து இங்கிலாந்து ஸ்கூல்ல இதைப் பிள்ளைங்க மனசுல பதிய வெக்கணும்னு சொல்லிட்டாங்க, ஸ்கூலைச் சோதிக்கிற ஆஃப்ஸ்டெட்டோட இன்ஸ்பெக்ஷன்ல இதையும் பாப்பாங்க. இது என்ன பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமான்னு இங்க இருக்குற டீச்சர்களே கேட்டிருக்காங்க, அது நியாயமான கேள்விதான். ஆனா அந்த நாலாவது விஷயம் உங்களுக்கும் சேர்த்துதான், உங்க பொண்ணு நெத்தியில இருக்குற திருநீறையும் அது காப்பாத்தும். தனிமனித சுதந்திரம்னா அப்பா அம்மா பேச்சைக் கேக்காதேன்னு அர்த்தம் இல்ல. அதுக்காக 18 வயசாகப் போற பொண்ணோட யூகாஸ் ஃபார்ம்ல, அதாவது யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற ஃபார்ம்ல, கோர்ஸ் பேரை நீங்க நிரப்புறதும் நடக்காது.

இப்போ பணம். அப்பா வீசாவைச் சார்ந்த டிபெண்டன்ட் வீசால இருக்குற பிள்ளைக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை, கிடையாது, வந்து கொஞ்ச வருஷமே ஆன குடும்பம்னா யுனிவர்சிட்டி பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கான ஓவர்சீஸ் ஃபீஸ்தான் போடும், ஸ்டூடன்ட் லோனும் கிடைக்காது. உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கான ஹோம் ஃபீஸ் 2025-26ல வருஷத்துக்கு 9,535 பவுண்டு. ஓவர்சீஸ் மெடிசின் பல இடத்துல 40,000ஐத் தாண்டும், அஞ்சு வருஷம் கட்டணும், அதுவே ரெண்டு கோடி ரூபாய்க்கு மேல ஆச்சு, வாடகை சாப்பாடு தனி. இதுல பெரியம்மா எவ்ளோ போடுறாங்கன்னு கேட்டுப் பாருங்க. ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி, வந்ததும் ஹோம் ஃபீஸ் ஆயிடும்னு கணக்குப் போடுறவங்களுக்கு ஒண்ணு, அதுக்குக் காத்திருக்குற அஞ்சு வருஷத்தைப் பத்தா ஆக்கணும்னு 2025 மே மாசம் வெளியிட்ட வொயிட் பேப்பர்ன்ற கொள்கை அறிக்கையிலயே அரசாங்கம் சொல்லிடுச்சு, அந்தத் தேதியை நம்பி நிலத்தை விக்காதீங்க. இதோட உங்க பொண்ணு ஏ லெவல்ல, அதாவது இங்க ப்ளஸ் டூ மாதிரி படிப்புல, பயாலஜியே எடுக்கல, அதை மறந்துட்டே எல்லாரும் பேசிட்டு இருக்கீங்க.

ஃபவுண்டேஷன் இயர், ஜார்ஜியா, பல்கேரியா எம்பிபிஎஸ் இதெல்லாம் சொல்ல ஏஜென்ட் நிறைய இருக்காங்க, நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க வீட்ல யாரும் வாயெடுக்காத ஒண்ணு இருக்கு, டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்.

அப்ரெண்டிஸ்னதும் ஊர்ல ஐடிஐ முடிச்சுட்டு ஸ்டைபெண்டுக்குப் போறதுதான் ஞாபகம் வரும், இது அது இல்ல. 2015ல ஆரம்பிச்சது. கம்பெனி உங்க பொண்ணை வேலைக்கு எடுக்கும், மாசாமாசம் சம்பளம் குடுக்கும், பெரும்பாலும் வாரத்துல ஒரு நாள் யுனிவர்சிட்டிக்கு அனுப்பும், கடைசில லெவல் 6, அதாவது முழு டிகிரி. ட்யூஷன் ஃபீஸ்னு ஒரு பைசா அப்ரெண்டிஸ் கிட்ட வாங்கக் கூடாது, அது விதி. வருஷ சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல இருக்குற கம்பெனி எல்லாம் 2017ல இருந்து அதுல 0.5 சதவீதம் லெவின்னு ஒரு வரி கட்டுது, அந்தப் பணம்தான் பிள்ளைங்க படிப்புக்கு வருது. 2026 ஏப்ரல்ல இருந்து அப்ரெண்டிஸ் மினிமம் மணிக்கு 8 பவுண்டு, பெரிய கம்பெனிங்க அதைவிட நல்லாவே குடுக்கும். முக்கியமானது இதுதான்: படிப்புக்காக வாங்காத வீசால இருந்து, வேலை செய்ய உரிமையும் இருந்து, மூணு வருஷம் தொடர்ந்து இங்க குடியிருந்தா இங்கிலாந்துல இந்த ஃபண்டிங்குக்குத் தகுதி வரும். யுனிவர்சிட்டி கணக்குல வெளிநாட்டுப் பிள்ளையா நிக்குற அதே பொண்ணு இங்க உள்ளூர்ப் பிள்ளை மாதிரி உள்ள போகலாம். 2027 செப்டம்பர்ல சேர்றதுன்னா உங்களுக்கு நாலு வருஷம் ஆயிருக்கும்.

சிவில்ல இது அஞ்சு வருஷம் மாதிரி ஆகும். முடிச்சா 1818ல ஆரம்பிச்ச இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ்ல சார்ட்டர்டு இன்ஜினியர்ன்ற அங்கீகாரம் வாங்குற பாதைல கால் வெச்சாச்சு. நீங்க பயப்படுற அந்த வேல்யூஸை அவ நெசமா கத்துக்கப் போறதும் அங்கதான். சைட்ல காலைல ஹெல்மெட், மஞ்சள் ஜாக்கெட்டோட எல்லாரையும் நிக்க வெச்சு டூல்பாக்ஸ் டாக்னு பத்து நிமிஷம் பேசுவாங்க, எது ஆபத்தா தெரிஞ்சாலும் வாயைத் திறந்து சொல்லணும், சேர்ந்து ஒரு வாரமே ஆன பொண்ணு சொன்னாலும் வேலையை நிறுத்திட்டுப் பாக்கணும். 1974 சட்டம் பாதுகாப்புப் பொறுப்பை வேலை செய்றவங்க தலைலயும் வெச்சிருக்கு. பெரியவர் சொல்லிட்டாரேன்னு வாயை மூடிட்டு நின்னா இங்க அது மரியாதை இல்ல, தப்பு. தெரு விளக்குக் கம்பத்துல பிளானிங் நோட்டீஸ் கட்டியிருப்பாங்க பாத்திருப்பீங்க, அந்தத் தெருவுல இருக்குற யாரும் கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதலாம், கவுன்சில் அதையும் பாத்துட்டுத்தான் முடிவு எடுக்கணும், உங்க பொண்ணும் அந்த மாதிரி குரலைக் கேட்டுப் பழகுவா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி ட்யூட்டரும் மேனேஜரும் உக்காந்து ரிவ்யூ பண்ணுவாங்க, அதுல பிரிட்டிஷ் வேல்யூஸ் பத்தியும் கேப்பாங்க, அன்னைக்கு இவ கிட்ட சொல்றதுக்கு விஷயம் இருக்கும். ஐஎல்ஆருக்கு எழுதுற லைஃப் இன் தி யூகே டெஸ்ட்டுக்கு 24 கேள்வி, 18 சரியா போட்டா பாஸ், அதை நீங்க மனப்பாடம் பண்ணியே தேத்திடலாம், இது அப்படி இல்ல.

கஷ்டமும் இருக்கு, மறைக்கல. இடம் கம்மி, போட்டி கடுமை. சில கம்பெனி படிப்பு முடியுற வரைக்கும் செல்லுபடியாகுற வீசா கேக்கும், சிலது செட்டில்டு ஸ்டேட்டஸே கேக்கும், அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டுக் கேட்டுடுங்க. அதோட 18க்கு அப்புறம் டிபெண்டன்ட் வீசாவை நீட்டிக்க அவ தனிக் குடித்தனம் போகாம உங்களைச் சார்ந்து இருக்கணும், சம்பளம் வர ஆரம்பிச்சா அதை எப்படிக் காட்டணும்னு ஒரு இமிக்ரேஷன் சொலிசிட்டர் கிட்ட காசு குடுத்துக் கேளுங்க, இந்த ஒரு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்ல கேக்கவே கேக்காதீங்க.

இயர் 8ல இருந்து 13 வரைக்கும் குறைஞ்சது ஆறு தடவை இந்த மாதிரி பயிற்சி குடுக்குறவங்களை ஸ்கூல் கூப்பிட்டுப் பேச விடணும்னு சட்டம் இருக்கு, அடுத்தது எப்போன்னு ஸ்கூல் கேரியர்ஸ் லீடர் கிட்ட கேளுங்க. பெரிய கம்பெனிங்க அடுத்த வருஷத்துக்கான ஆள் எடுப்பை முந்தின வருஷக் கடைசியிலயே தொடங்கிடும், ஃபைன்ட் அன் அப்ரெண்டிஸ்ஷிப்ன்ற அரசாங்க சைட்ல இப்பவே அலர்ட் போட்டு வெக்கச் சொல்லுங்க. அப்ளிகேஷனை அவளே எழுதட்டும், அப்பா ஆஃபீஸ் இங்கிலீஷ்ல திருத்திக் குடுக்க வேண்டாம், இன்டர்வியூல பேசப் போறது அவதானே. அடுத்த தடவை கால் பண்ணும்போது போனை அவ கைல குடுங்க அக்கா, எந்த ஊர், எந்தக் கம்பெனின்னு நான் அவ கிட்டயே பேசிக்கிறேன்.