கணக்கு: வாசகர் கேள்வி

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், குறுங்காணொளிகளில் கணக்குப் பாடம் பார்த்துவிட்டுப் ‘புரிந்துவிட்டது’ என்கிறான், நோட்டில் போடச் சொன்னால் விழிக்கிறான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பிறர் போடும் கணக்கு யாருக்குமே எளிதாகத்தான் தோன்றும்; எனவே அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். விடை வருமுன் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியை அவனே எழுதிய பிறகு ஓடவிடச் சொல்லுங்கள். பின்னத்தில் தடுமாறினால் இயற்கணிதத்துக்குத் தாவ வேண்டாம். வீட்டில் ஆச்சி இருந்தால், அரைக்கால், மாகாணி என்றால் என்னவென்று அவரிடம் கேட்கட்டும். காலில் பாதி அரைக்கால்; அதாவது 1/2 × 1/4 = 1/8 என்ற பெருக்கல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் பாதி மாகாணி, 1/16. (இத்தனை எளிதாக எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை!) ஓர் எண்ணின் அரையும் காலும் சேர்ந்து 12 என்றால், அதன் முக்கால் 12, அந்த எண் 16, இயற்கணிதத்தின் தொடக்கம் இவ்வளவே.

முக்கோணவியலுக்கு வெயில் போதும். 1 மீட்டர் கம்பின் நிழலும் 1 மீட்டராக விழும் வேளையில் சூரியனின் ஏற்றக்கோணம் (தரைமட்டத்திலிருந்து சூரியனை அண்ணாந்து பார்க்கும் கோணம்) 45 பாகை; உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்தால் வருவதே டேன், எனவே டேன் 45-இன் மதிப்பு 1. அப்போது ஊருணிக்கரைப் பனைமரத்தின் நிழலை அடியிலிருந்து நுனிவரை சமதரையில் அளந்தால், அதுவே மரத்தின் உயரம்.