ஓக் கொட்டையை உலர்த்தலாமா?

கேள்வி: நைனிதால் அருகே 1,900 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறோம். பக்கத்துக் காட்டில் இரண்டு மூன்று வகை ஓக் மரங்கள் உள்ளன. இவற்றில் ‘பாஞ்ச்’ எது? ஜனவரியில் பொறுக்கிய கொட்டைகளை ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, ஏப்ரலில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்?

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் கரும்பச்சை, ஓரத்தில் ரம்பப் பற்கள், அடிப்புறம் சாம்பல் வெள்ளையாக மெல்லிய பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அதுதான் பாஞ்ச். காற்றடிக்கும்போது மரமே வெளுத்துத் தெரியும். அடிப்புறம் துருநிறப் பஞ்சாக இருந்தால் ரியாஞ்ச். பஞ்சே இல்லாமல் பச்சையாக இருந்தால் திலோஞ்ச்.

முளைக்காததற்குக் காரணம் வெயில்தான். நெல், பயறுபோல ஓக் கொட்டையை உலர்த்தவே கூடாது. இலுப்பை விதையைப் போல, ஈரம் போனால் உள்ளிருக்கும் கருவும் செத்துவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், பழுப்பேறிய கொட்டைகளைப் புதிதாக விழுந்ததும் பொறுக்குங்கள். ஊராரே பராமரிக்கும் வன பஞ்சாயத்துக் காடு என்றால் ஊராரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். குண்டூசித் தலையளவு துளை இருந்தால் உள்ளே கூன்வண்டுப் புழு தின்றிருக்கும். ஓர் இரவு தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். மூழ்கியவற்றை உடனே விதையுங்கள். முடியாவிட்டால் ஈரமணலில் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும் என்பதால் குறைந்தது 25 செ.மீ. ஆழமுள்ள நாற்றுப் பை வேண்டும். மண்ணோடு ஓக் மரத்தடி மண்ணையும் இரண்டு கைப்பிடி கலந்துவிடுங்கள். வேருக்குத் துணைநிற்கும் பூஞ்சை அதில்தான் இருக்கிறது. கொட்டையைப் படுக்கவைத்து 2 முதல் 3 செ.மீ. மண் மூடுங்கள். எலி தோண்டாமலிருக்கக் கம்பிவலை அவசியம். வேர் இறங்கிய பிறகே தளிர் வரும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். அரைநிழலில் வளர்த்து, மறு ஆண்டு ஜூலை மழையில் நடலாம். அதற்கு மேல் பையிலேயே விட்டால் வேர் சுருண்டு, நட்ட பிறகும் மரம் தேறாது. நட்டதும் வேலி போடுங்கள். ஆடு ஒருமுறை நுனியைக் கடித்தால் கன்று பல வருடம் புதராகவே நிற்கும்.

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் உள்ள சில்வர் ஓக், ஓக் வகைதானா?

பதில்: இல்லை. அது ஆஸ்திரேலிய மரம், குடும்பமே வேறு. பெரணிபோல வெட்டுப்பட்ட இலையும், கிண்ணத்தில் அமர்ந்த கொட்டைக்குப் பதிலாக இறகுள்ள தட்டை விதையும் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.